பதவி போன மறுநாள்

கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்குக் கீழே வரும் அந்த அடைப்புக்குறியைக் கவனித்திருப்பீர்கள். துணை வட்டாட்சியர் (ஓய்வு), தலைமை ஆசிரியர் (ஓய்வு), உதவிப் பொறியாளர் (ஓய்வு). பணி நிறைவடைந்து பதினைந்து வருஷம் ஆனவர்கூடப் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையில் அதை விட்டுக்கொடுப்பதில்லை. கேலி செய்வது சுலபம். முப்பது முப்பத்தைந்து வருஷம் ஊரே ஒரு மனிதரை அந்தப் பதவியை வைத்துத்தான் அழைத்திருக்கிறது. ஒரு மாதத்தின் கடைசி நாளில் மாலையும் பொன்னாடையும் போட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டால், மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் யார்?

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு அந்த நாள் சமீபத்தில் இரண்டு முறை தள்ளிப்போனது. 58 வயது என்பது 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்தவர் ஓய்வு பெற்ற கையோடு சமையலறைக்குள் நுழைந்தார். டப்பாக்கள் அத்தனைக்கும் லேபிள் ஒட்டினார். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, வாங்கிய தேதி, எடை. கடுகு டப்பாவுக்குக்கூடத் தேதி. அவர் மனைவி என்னிடம் சொன்னது: “அவருக்கு ஆபீஸ் முடிஞ்சுபோச்சு. எனக்கு இப்பத்தான் புதுசா ஒரு ஆபீசர் வந்து சேர்ந்திருக்கார்.” அந்த அம்மாவுக்கு யாரும் பாராட்டு விழா நடத்தப் போவதில்லை. முப்பது வருஷமாகப் பகலில் அவருடையதாக இருந்த வீடு ஒரே நாளில் கைமாறிவிட்டது.

இப்படிப்பட்டவர்களுக்கு வழிகாட்டவென்றே ‘லைஃப் கோச்’ என்ற பலகையோடு பலர் இன்று இருக்கிறார்கள். பெரும்பாலோர் தருவது ஒரு கால அட்டவணை. ஐந்து மணிக்கு நடை, ஆறுக்கு யோகா, பத்துக்கு ஏதாவது ஒரு புதுப் பயிற்சி, வாரம் ஒரு சேவை. எனக்கு இதில் எரிச்சல் உண்டு. அலுவலகத்தை விட்டு வந்தவரை இன்னோர் அலுவலகத்தில் சேர்த்துவிடுகிறார்கள், சம்பளம் இல்லாமல்.

ஆழ்மன உளவியல் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வருகிற சிலர் வேறு இடத்தில் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு மூலவர் கார்ல் குஸ்தாவ் யுங். வாழ்க்கையின் பிற்பகுதிக்கு முற்பகுதியின் விதிகள் செல்லாது என்று 1930 வாக்கிலேயே எழுதியவர். தன்னிடம் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் என்று பெயர் வைக்க ஒன்றும் இல்லை, வாழ்க்கை வெறுமையாகிவிட்டது என்பதே அவர்களுடைய குறை என்றும் சொல்லியிருக்கிறார். உலகத்துக்காக நாம் அணியும் முகமூடி தேவைதான் என்பார் அவர். அதையே முகம் என்று நம்பிவிடும்போதுதான் சிக்கல்.

அவர் இதைப் படித்து மட்டும் சொல்லவில்லை. 1913-இல் ஃபிராய்டோடு உறவு முறிந்தது. அடுத்த வருஷம் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைமையையும் சூரிக் பல்கலைக்கழகப் பணியையும் விட்டார். வயது நாற்பதைத் தொடவில்லை. என்ன செய்வது என்று தெரியாத அந்தக் காலத்தில், சிறுவயதில் கட்டை அடுக்கி விளையாடிய நினைவு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குஸ்னாக்ட் ஏரிக்கரைக்குப் போய்க் கற்களைப் பொறுக்கிக் குட்டி வீடுகள் கட்டினார். ஒரு தேவாலயம் கட்டினார். நோயாளிகள் வரும் வரை கட்டிவிட்டு, அவர்கள் போன பிறகு சாயங்காலம் மறுபடியும் போனார். பெயர்பெற்ற மருத்துவர், குழந்தைகளுக்குத் தகப்பன், கல் வைத்து விளையாடுகிறார்! பெரிய அவமானமாக இருந்தது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் நிறுத்தவில்லை. அவருடைய முக்கியமான சிந்தனைகள் பலவற்றுக்கு விதை அந்த வருஷங்களில் விழுந்தது. பிறகு 1923-இல் போலிங்கனில் நிஜக் கல்லிலேயே தனக்கொரு கோபுர வீடு கட்டத் தொடங்கினார்.

இதே வழியில் வரும் வழிகாட்டி, “அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று ஆரம்பிக்க மாட்டார். உத்தியோகத்துக்காக எதை ஒதுக்கி வைத்தீர்கள் என்று கேட்பார். புல்லாங்குழலும் ஓவியமும்தான் வெளியே வரும் என்று நினைக்க வேண்டாம். பாகப்பிரிவினையில் தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்ட கோபம் வரும். சீனியாரிட்டியில் தன்னைத் தாண்டிப் போனவர் மீதிருந்த பொறாமை வரும். கனவையும் கேட்பார். அலுவலகத்துக்குப் போகிறோம், நம் நாற்காலியில் வேறு யாரோ, முக்கியமான ஒரு ஃபைலைக் காணோம் என்றொரு கனவு வந்தால் பஞ்சாங்கம் மாதிரிப் பலன் சொல்ல மாட்டார். “அந்த ஃபைலில் என்ன இருந்திருக்கும்?” என்பார். பதில் வர வாரங்கள் ஆகலாம்.

நமக்கு வானப்பிரஸ்தம் இருக்கிறதே என்பார்கள். இரண்டு படுக்கையறை வீட்டிலிருந்து யாரும் காட்டுக்குப் போவதில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. கல்கத்தாவில் நடந்த அறிவியல் மாநாட்டை ஒட்டி 1937 கடைசியில் இந்தியா வந்த யுங், திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்க்கவில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைச் சந்தித்தார். பள்ளி வாத்தியார் மாதிரி எளிய மனிதர், பெரிய குடும்பத்தைத் தாங்குகிறவர். யுங்கின் மனதில் அவர் ஆழமாகப் பதிந்தார். சம்சாரத்துக்கு நடுவிலும் உள்ளே திரும்பிப் பார்ப்பது கூடும் என்பதற்கு எனக்கு அந்தச் சாட்சி போதும்.

அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஆறு மாதம் எந்தச் சங்கத்தின் செயலாளர் பதவியையும் ஏற்காதீர்கள். ஆலோசகரிடம் போவதென்றால், அவர் எங்கே பயின்றார், தன் மனதை இன்னொருவர் முன் திறந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். ‘கோச்’ என்று பலகை மாட்ட நம் நாட்டில் உரிமம் எதுவும் வேண்டியதில்லை. தூக்கமும் பசியும் போய், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வாரக்கணக்கில் விடவில்லையென்றால், அது கோச்சின் வேலை இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் மனநல உதவிக்கான டெலிமானஸ் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.