‘கொச்சை’ என்று இகழ்வார்க்கு

கொடிகாமச் சந்தைக்குத் தேங்காய் கொண்டுவரும் கமக்காரர் தம் வளவில் அலவாங்கை நட்டு அவற்றை உரிக்கிறார். பின்னர் விறாந்தையிற் கதிரையைப் போட்டுக் களைப்பாறுகிறார். அலவாங்கு, விறாந்தை, கதிரை ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர்வழி வந்த சொற்கள். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய அவர்கள் 1658 இல் ஒல்லாந்தரிடம் தோற்று வெளியேறினர், சொற்கள் தங்கிவிட்டன. இவற்றை வழங்குவதால் கமக்காரரின் தமிழ் சிதைந்துவிட்டதெனக் கூற எவரும் துணியார். ஆயின், மட்டக்களப்புப் பறங்கியரின் வீட்டுமொழியை மாத்திரம் ‘உடைந்த போர்த்துக்கேயம்’, ‘கொச்சை’ என இகழ்வார் கற்றோர் நடுவிலும் உளர்.

உடைந்த மொழியென்றால் அதற்கு ஒழுங்கான இலக்கணம் இருத்தலாகாது. இம்மொழிக்கோ உண்டு, அதுவும் தமிழர் எளிதில் இனங்காணத்தக்க இலக்கணம். போர்த்துக்கேயத்தில் வினை செயப்படுபொருளுக்கு முன் வரும். இங்கே தமிழிற்போல வாக்கியத்தின் ஈற்றில் வரும். அங்கே பெயருக்கு முன் நின்ற சொல் இங்கே தேய்ந்து, பெயருக்குப் பின் ஒட்டும் வேற்றுமையுருபாகிவிட்டது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதிற் பசித்தவர் நான்காம் வேற்றுமை ஏற்பதுபோலவே அங்கும் ஏற்பார். இலங்கையில் வழங்கிய இம்மொழிபற்றித் தல்காடு 1900 இலேயே நூல் வெளியிட்டார். இயன் சிமித் மட்டக்களப்பு வழக்கின் ஒலியமைப்பை ஆராய்ந்து 1978 இல் நூலாக்கினார். முன்னவர் கோவாவிற் பிறந்தவர், பின்னவர் மேனாட்டவர். தமிழிலக்கணம் பயின்றோர் அன்றோ முதலிற் சென்றிருக்க வேண்டும்!

‘அரசும் இலக்கியமும் அற்ற மொழி அழிவது இயல்பு’ என்பது இகழ்வாரின் அடுத்த வாதம். கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ள காலிக் கல்வெட்டு இதற்கு விடை கூறும். 1409 ஆம் ஆண்டுக்குரிய அச்சீனக் கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிகள் உள்ளன. பாரசீகத்துக்கு அரசவைகளும் இருந்தன, பெருங்காப்பியங்களும் இருந்தன. எனினும், அதன்வழிப் பிறந்த வீட்டுமொழி எதுவும் இத்தீவில் வேரூன்றவில்லை. பீங்கான், சால்வை போன்ற சொற்களே பல வழிகளிலும் வந்து தமிழிற் கலந்தன. ஆட்சியை இழந்த போர்த்துக்கேயமோ, வென்ற ஒல்லாந்தரின் இல்லங்களுக்குள்ளேயே புகுந்து வாழ்ந்தது. அம்மொழியைத் தாய்மார் பிள்ளைகளோடு பேசினர். தச்சரும் கொல்லரும் பட்டறையிற் பேசினர். அரசாணை அதற்குத் தேவைப்படவில்லை.

1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மக்களின் மொழியைத் தாழ்த்துவது அம்மக்களையே தாழ்த்துவதாகுமெனத் தமிழர் முழங்கினர். அம்முழக்கம் உண்மையானால், மட்டக்களப்பில் அது சிறுபான்மையோர் மொழிக்கும் பொருந்தவேண்டும். தமிழர் பெரும்பான்மையாக வாழும் இடத்தில், தமிழர் கேலிக்கு அஞ்சி ஒரு பறங்கிப் பிள்ளை தன் பாட்டியின் மொழியை விழுங்கிக்கொள்ளுமாயின், அதற்குக் கொழும்பைக் குறைகூற இயலாது.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மட்டக்களப்பு டச்பாரில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்களைக் கொடுமையாகத் தாக்கியது. இன்று இளையோர் பெரும்பாலும் தமிழே பேசுகின்றனர். பழைய மொழியை அறிந்த முதியோர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இன்னும் உளர். வந்தாறுமூலையிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பு நகர் தொலைவிலும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே செல்லத் தமிழ் மாணவருக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை, அம்முதியோரின் அனுமதியைத் தவிர.