எறும்பு வளர்க்க விழையும் நண்பர்க்கு

தோலைத் தடவிய மாத்திரத்தில் செம்மறியோ வெள்ளாடோ என்றுரைக்கும் ஆம்பூரார், எறும்பென்றால் கட்டெறும்பு, முசுறு, பிள்ளையார் எறும்பு என்னும் சில பெயர்களோடு அமைந்துவிடுகின்றனர். இந்நிலையில், அரிய எறும்புகளைக் கண்ணாடிக் கூட்டில் வளர்க்க விரும்பும் மாணவ நண்பர்க்கு ஒன்று சொல்லத் துணிகின்றோம்.

வளர்ப்பது தகாதென்பது நம் கருத்தன்று. சென்னைப் பட்டாள வைத்தியராயிருந்த ஜெர்டன் துரை 1851-இல் பெயரிட்டு வெளியிட்ட குதிக்கும் எறும்பை நோக்குக. ராணி இறந்தால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் பொருது, வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன. அவற்றின் மூளையோ சுருங்குகின்றது. அவற்றை மீண்டும் வேலைக்கார நிலைக்குத் திருப்பின் மூளை மறுபடி வளருமென்பது 2021-இல் வெளியாயிற்று. கூட்டில் வைத்து நோக்கியிராவிடில் இவ்வற்புதத்தை யார் அறிவார்?

விலைக்கு வாங்கும் ஆசை வேறு. 2025-இல் கென்யா நாட்டில் ஏறத்தாழ 5,000 எறும்புகளை, பெரும்பாலும் ராணிகளை, சிறு குழாய்களில் அடைத்துக் கடத்த முயன்ற வழக்கில் நால்வர்க்கு அபராதம் விதிக்கப்பட்டது. ராணி ஒன்றை எடுப்பது வருங்காலக் கூடொன்றையே எடுப்பதாகும்.

ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ பெயரறியா எறும்பைக் காண்போர், கண்ட இடம், நாள், மரமோ மண்ணோ, கொண்டுசென்ற இரை ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்ளக் கடவர். குறிப்பில்லாக் கூடு எத்துணை அழகிதாயினும் விளையாட்டுப் பொருளே. ராணியைத் தொடாது, வேலைக்கார எறும்புகள் சிலவற்றைச் சாராயத்திலிட்டு அறிந்தோர்க்குக் காட்டுதல் முதற்கண் போதும். கைபழகுவதற்கோ, கட்டெறும்பு நம் விடுதி முற்றத்திலேயே வேண்டுமளவு உண்டு.