பாட்டு வகுப்பைப் பறிக்காதீர்கள்



அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கார்ஃபீல்ட் என்று ஓர் அரசுப் பள்ளி. இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் படித்த பள்ளி. அதன் ஜாஸ் குழு, நியூயார்க்கில் நடக்கும் 'எசென்ஷியலி எலிங்டன்' போட்டியில் 2003, 2004, 2009, 2010 என நான்கு முறை முதலிடம் பெற்றது.

எனக்கு அந்தக் கோப்பைகளைவிட, அதற்காகப் பிள்ளைகள் உழைக்கும் அந்த ஓராண்டுதான் பெரிது. டியூக் எலிங்டனின் இசைக்குறிப்புகள் பள்ளிகளுக்கு இலவசமாகவே வருகின்றன. மாதக்கணக்கில் பயின்று, வாசித்ததைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். தேர்வானால் மே மாதம் நியூயார்க் மேடை.

அங்கே ஒரு பிள்ளை எழுந்து மனம்போல் தனியாக வாசிக்கும். மற்றவர்கள் ஒலியைத் தாழ்த்தித் தாங்கிக்கொடுப்பார்கள். பிறகு அடுத்த பிள்ளையின் முறை. தன் முறையில் துணிவது, பிறர் முறையில் காது கொடுப்பது. இதை எந்தப் பாடப்புத்தகத்தை வைத்து நடத்துவோம்?

நம் பள்ளிகளிலோ தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது பாட்டு வகுப்புதான். கணக்கு வாத்தியாருக்கு அந்த ஒரு மணி நேரம் லாபம். பிள்ளைக்கு நஷ்டம் என்பதே என் கட்சி.

இன்று பெற்றோராகிவிட்ட என் மாணவர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்: "பாட்டு வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, சார்?"