குடை பிடித்துத் தண்ணீர் ஊற்றியவர்

பேங்க் நண்பர் ஒருவருக்குக் கொடைக்கானலுக்கு மாற்றல். பிரம்மச்சாரி. ரிடையர்டு டீச்சர் ஒருவர் வீட்டில் பின் போர்ஷன். போன அக்டோபரில் டீச்சர், மகளின் பிரசவத்துக்காகத் திருச்சி கிளம்பும்போது ஒரே ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார்.

"தம்பி, இருபது ரோஜாச் செடி இருக்கு. மறக்காம தண்ணி ஊத்துங்க. வாசல்ல இருக்கற மஞ்சள் ரோஜா மட்டும் ரொம்பப் பத்திரம். எங்க வீட்டுக்காரர் போறதுக்கு முந்தின வருஷம் வெச்சது."

நண்பர் சொன்ன சொல் தவறாதவர். தினம் சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்ததும் பூவாளியைத் தூக்கி, செடிகளைத் தலையோடு குளிப்பாட்டினார். அக்டோபர், நவம்பரில் பழனி மலையில் மழைக்கா பஞ்சம்? மழை பெய்த அன்றும் குடை பிடித்துக்கொண்டு ஊற்றினார்.

மூன்றாவது வாரம் மஞ்சள் ரோஜாவின் கீழ் இலைகளில் கறுப்புப் பொட்டு. பேனா மை சிந்தின மாதிரி, ஓரம் பிசிறடித்த வட்டம். சுற்றிலும் இலை மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்தது. சத்துக் குறைவு என்று தீர்ப்பு எழுதி யூரியா போட்டார். போர்டிகோவுக்குள் இருந்த தொட்டி ரோஜாவில் வேறு கதை. தளிரிலும் மொக்கிலும் வெள்ளையாகப் பவுடர். கொடைக்கானல் பனி என்று நினைத்து போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

நாலாவது வாரம் மஞ்சள் ரோஜா வெறும் குச்சி. போன் வந்தது. "சார், டீச்சர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

எனக்குச் செடி தெரியாது, ஆள் தெரியும். பிரயண்ட் பூங்காவில் வேலை பார்த்து ரிடையரான பெரியவர். 1908-ல் பிரயண்ட் என்ற வன அதிகாரி அமைத்த பூங்கா அது. மே மாத மலர்க் கண்காட்சியில் நாம் ரோஜா முன்னால் பல்லைக் காட்டி நிற்பதற்காக, மாதக்கணக்கில் முன்பே கவாத்து, மருந்து என்று ஒரு கூட்டம் முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டிருக்கும்.

பெரியவர் வந்ததும் செடியைப் பார்க்கவில்லை. பூவாளியைப் பார்த்தார்.

"சாயந்திரமா ஊத்துவீங்களா சார்?"

"தினமும்!" என்றார் நண்பர் பெருமையாக.

"அதான்."

*

கரும்புள்ளி நோய் ஒரு பூஞ்சணம். அதன் வித்து முளைத்து இலைக்குள் இறங்க, இலை சுமார் ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். சாயந்திரம் நனைத்த இலை கொடைக்கானல் ராத்திரியில் எங்கே காயும்? விருந்தாளிக்குப் பாய் விரித்த மாதிரிதான். போதாக்குறைக்கு, கொட்டின இலைகளை நண்பர் உரமாகட்டும் என்று அடியிலேயே விட்டிருந்தார். மழைத்துளி தெறிக்கும்போதெல்லாம் வித்து மேல் இலைக்கு லிஃப்ட் ஏறியது. அதிலும் மஞ்சள் ரோஜாக்களில் பலவற்றுக்குப் பாரசீக மஞ்சள் ரோஜாதான் பாட்டி. நிறத்தோடு, இந்த நோய்க்குச் சட்டென்று மடங்குகிற குணத்தையும் பேத்திகளுக்குக் கொடுத்துவிட்டது.

போர்டிகோவில் இருந்தது சாம்பல் நோய். அதுவும் பூஞ்சணம்தான்; ஆனால் குணம் நேர் எதிர். அதற்கு இலை நனைய வேண்டியதில்லை. மழை படாத இடம், காய்ந்த பகல், ஈரக் காற்றடிக்கும் ராத்திரி இருந்தால் போதும். இலை சுருளும், மொக்கு விரியாமல் நின்றுவிடும்.

இலையைத் திருப்பிப் பார்த்து, அடியில் ஆரஞ்சுப் பொடி இருந்தால் துரு நோய். மூடுபனி நாட்களில் மொக்கின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்தால் மொக்கு அழுகல். வெட்டின நுனியிலிருந்து தண்டு கறுத்துக்கொண்டே கீழே இறங்கினால் நுனிக்கருகல்.

நண்பர் கடைக்குப் போய் மூன்று மருந்து வாங்கி, ஒரே பக்கெட்டில் கலக்கத் தயாராக நின்றார். பெரியவர் பக்கெட்டைப் பிடுங்கினார்.

"தலைவலி, வயித்துவலி, பல்வலி எல்லா மாத்திரையும் ஒண்ணா முழுங்குவீங்களா சார்?"

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம். கரும்புள்ளிக்கு மான்கோசெப், அதுவும் 2 கிராம். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். உச்சி வெயிலில் கந்தகம் அடித்தால் இலை கருகும். மூக்கில் துணி, கையில் உறை அவசியம். செடியைக் காப்பாற்றி நாம் படுத்துக்கொள்வதில் லாபமில்லை.

ஆனால் மருந்துக்கு முன்னால் பெரியவர் செய்தது வேறு. விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்தார். காய்ந்த குச்சிகளை நறுக்கி, நடுவில் காற்றோட வழி செய்தார். யூரியா மூட்டையை உள்ளே வைக்கச் சொன்னார். அவசரத் தளிரென்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டமாம். வெட்டுவாயில் நீலமாக ஒரு பசை தடவினார். போர்டோ பசை. மயில்துத்தமும் சுண்ணாம்பும்.

இந்த நீலத்துக்கு ஒரு கதை உண்டு. பிரான்ஸில் போர்டோ பக்கம் திராட்சைத் தோட்டக்காரர்கள், ரோட்டோரக் கொடிகளில் திருடர்கள் கை வைக்காமலிருக்க, விஷம் மாதிரி தெரியட்டும் என்று இதை அடித்து வைத்தார்கள். அடிச்சாம்பல் நோய் வந்தபோது மற்ற கொடிகளில் இலை உதிர, நீலக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. மில்லார்டே என்ற பேராசிரியர் இதைக் கவனித்து, ஆராய்ந்து, 1885-ல் உலகத்துக்குச் சொன்னார். திருடனுக்கு வைத்த பூச்சாண்டி, பூஞ்சணத்துக்கு மருந்தாகிவிட்டது!

*

டிசம்பர் கடைசியில் டீச்சர் திரும்பி வந்தார். நண்பர் வாசலிலேயே கைகட்டி நின்று, பூவாளி முதல் யூரியா வரை ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். டீச்சர் குனிந்து குச்சியைப் பார்த்தார். கணுவில் சிவப்பாக இரண்டு துளிர்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தார்.

"அவரும் சாயந்திரம்தான் தம்பி ஊத்துவார். தலையோட. வருஷா வருஷம் இலை கொட்டும். யார் சொன்னாலும் கேக்கமாட்டார்."

நண்பர் இப்போது காலை ஆறரைக்கு எழுந்து, வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுகிறார். கொடைக்கானல் குளிரில், ஒரு பிரம்மச்சாரி, ஆறரை மணிக்கு!