வெயிலும் வெள்ளமும் தாங்கும் செடி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் மொட்டைமாடியில் ஆறு தொட்டி அடீனியம் இருந்தது. மறுநாள் காலைக்குள் ஊரில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டிவிட்டது. தெருவில் தண்ணீர் வடிந்து, மாடிக்கு ஏறிப் பார்க்க நேரம் கிடைத்தது நான்காம் நாள்தான். செடிகள் நின்றது நின்றபடியே நின்றன. பருத்த அடித்தண்டைத் தொட்டேன். கனிந்த வாழைப்பழத்தில் அழுந்துவதுபோல விரல் உள்ளே போனது. வேரெல்லாம் அழுகல் வாடை.

விற்றவர் பொய் சொல்லவில்லை. “வாரத்துக்கு ஒரு தரம் தண்ணி ஊத்துனா போதும் சார்” என்றார். இரண்டு கோடையை அந்தச் செடிகள் அப்படித்தான் தாண்டின. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் காய்ந்த நிலத்தில் பிறந்த செடி அது. வெயில் அதற்கு ஒரு பொருட்டில்லை. நாள் கணக்கில் ஈரத்தில் ஊறுவதைத்தான் அதன் வேர் அறியாது.

தண்ணீர் அதிகம் கேட்காத தோட்டம் என்று யாராவது பேச்செடுத்தால் நம் கண் முன்னால் கள்ளி வருகிறது, வெள்ளைக் கூழாங்கல் வருகிறது. அது வேறு ஊர்களின் படம். புதுச்சேரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது வறண்ட ஊர் இல்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். நடுவில் கோடை மழையும் ஆடி ஆவணி இடிமழையும் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆக, இங்கே வளரும் செடி மாதக்கணக்கில் காய வேண்டும், பிறகு சில வாரம் நீரில் நிற்க வேண்டும், புயலுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் தாங்குவது எது என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

இதற்கு விடை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மரக்காணம் போகிற வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில். அதைச் சுற்றி ஒரு காடு. போன வைகாசியில், உச்சி வெயிலில் அதற்குள் நுழைந்தேன். வெளியே சாலையோரப் புல் சாம்பல் நிறத்தில் கருகிக் கிடந்தது. உள்ளே நாலடி வைத்ததும் சட்டை முதுகில் ஒட்டியிருந்த வியர்வை குளிர்ந்தது. கணுக்கால் புதையச் சருகு. தலைக்கு மேல் கரும்பச்சை. அந்தக் காட்டுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சாமி காடு என்பதால் கிளை ஒடிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும்தான் அதற்கு வேலி.

தாவரவியலார் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். சோழமண்டலக் கரையின் காடு. இன்று துண்டு துண்டாக, பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. ஒரு வீரை இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோல் செருப்புபோலத் தடித்திருக்கும், மேலே மெழுகு பூசியதுபோல மினுங்கும். உள்ளே இருக்கும் நீரை வெயில் எளிதில் உறிஞ்ச முடியாது. மரம் அவசரப்பட்டு உயராது. கிடைத்ததையெல்லாம் முதலில் வேருக்கு அனுப்பும். மழையில் வேர் அழுகாததற்கு அந்தச் சருகு மெத்தையும் அதன் கீழ் பொலபொலவென்று இருக்கும் மண்ணும் காரணம்.

இதே பாடத்தை ஆரோவில் பெரிய அளவில் படித்தது. 1968 பிப்ரவரியில் அந்த நகரம் தொடங்கியபோது அது ஏறத்தாழ மரமற்ற செம்மண் மேடு. மழை பெய்தால் மண் கரைந்து ஓடையெல்லாம் சிவந்து கடலில் விழும். முதலில் வந்தவர்களுக்கு உடனே நிழல் வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வகை அக்கேசியாவை நிறைய வைத்தார்கள். ‘ஒர்க் ட்ரீ’ என்றே அங்கே அதற்குப் பெயர். சீக்கிரம் வளர்ந்தது, சருகு போட்டது, மண்ணைப் பிடித்தது. அதன் நிழலில் நாட்டு மரங்களும் வளர்ந்தன. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது அந்த அக்கேசியாக்கள் பெருமளவில் சாய்ந்தன. நாட்டு மரங்களில் பல கிளை முறிந்தாலும் நின்றன. 2000-இல் 50 ஏக்கரில் தொடங்கிய ஆரோவில் தாவரவியல் பூங்காவில் இந்த மரங்களைப் பெயர்ப் பலகையோடு பார்க்கலாம், கன்றும் வாங்கலாம். புதுச்சேரிக்குள்ளேயே 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தாவரவியல் பூங்கா உண்டு. ஆனால் அது வெளிநாட்டுச் செடிகள் இங்கே பிழைக்குமா என்று பார்ப்பதற்காக வளர்ந்த தோட்டம். நான் பேசுவது அதற்கு எதிர்த்திசை.

வீட்டில் காடு வைக்க இடமேது என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் வீட்டுக் கொல்லை பதினைந்துக்குப் பத்து அடி. அங்கே ஒரு காயா வைத்திருக்கிறேன். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோமே, அந்தச் செடி. கோடையில் ஒரு மழை விழுந்தால் போதும், இலைக்கணுவிலும் வெறும் கிளையிலும் நீலப் பூ மொய்க்கும். ஆள் உயரத்தில் புதர்போல வெட்டி வைக்கலாம். வேலிக்கு விராலி. அதன் இலை பிசுபிசுக்கும், ஆடு சீந்தாது. மூலையில் காட்டு எலுமிச்சை ஒன்று. முள் குத்தும்தான், ஆனால் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் அதன் இலையைத் தின்றுதான் வளர்கின்றன. நொச்சி, ஆடாதொடை, சுவரோரம் பிரண்டை எல்லாம் ஒருமுறை பிடித்துவிட்டால் நம்மைத் தேடுவதில்லை. பிரண்டையும் சோற்றுக்கற்றாழையும் பகலில் இலைத்துளையை மூடிவைத்து, குளிர்ந்த இரவில் திறந்து மூச்சுவிடுகின்றன. அதனால்தான் சித்திரை வெயிலில் சுவரே கொதிக்கும்போதும் அவை வாடுவதில்லை.

பூ வேண்டுமென்றால் டிசம்பர் பூவை விட்டுவிடாதீர்கள். கொம்பு ஒடித்து மழைக்காலத்தில் நட்டால் வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா மார்கழி முழுக்க அந்த ஊதாப் பூவை வாழைநாரில் தொடுத்துத்தான் தலையில் வைப்பார். பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்மீது வழியும் காகிதப்பூவும் நல்ல தேர்வு. பிலிபெர் கொமெர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் 1767-இல் பிரேசிலில் கண்டு, தாம் பயணம் செய்த கப்பல்களின் தலைவர் புகன்வில்லின் பெயரை அதற்கு வைத்தார். அதை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொழுக்க வைத்தால் இலைதான் வரும். கொஞ்சம் பட்டினி போட்டால் நிறம் கொட்டும். அரளியும் தாங்கும் செடிதான். ஆனால் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கல் உப்பு. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் வருடத்துக்கு வருடம் கரிக்கிறது. வாளியில் பிடித்துவைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளைப் படலம். அந்தத் தண்ணீரை ஊற்றிய ரோஜாவில் இலை நுனியிலிருந்து பழுப்பேறி, சுருண்டு, உதிர்ந்தது. அந்த ஓரக் கருகலைத் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலும் மேலும் அதே தண்ணீரை ஊற்றுகிறோம். உப்பு இன்னும் சேர்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீர் அதைவிட மோசம். வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றாதீர்கள். தரை கழுவுங்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் செடிக்குக் கொடுங்கள். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போன்ற மணல் தெருக்களில் மரம் வைக்க இடமிருந்தால் புன்னையும் பூவரசும் உப்புக்காற்றுக்குப் பழகியவை. தொட்டிக்கு நித்தியகல்யாணி.

புல்தரை பற்றி ஒரு கணக்கு மட்டும். கோடையில் புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் நீராவது வேண்டும். 200 சதுர அடிப் புல் என்றால் தினமும் 90 லிட்டர், ஆறு குடம். ஒரு குடும்பம் தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடிக்கும் தண்ணீர் அது. புல்தரை வைத்திருப்பவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த இடத்தைச் சருகுக்கும் காயாவுக்கும் கொடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சித்தான் கேட்கிறேன். 600 சதுர அடி மாடியில் ஓராண்டில் விழும் மழை 70 ஆயிரம் லிட்டரைத் தாண்டும். அதில் பாதியைத் தரைக்குள் இறக்கினாலும் உங்கள் கிணற்றுக்கு நல்லது.

வறட்சி தாங்கும் செடி என்றாலும் நட்ட நாள் முதலே தாங்காது. வேர் கீழே இறங்கும் வரை அது குழந்தை. பங்குனியில் ஆசைப்பட்டு வாங்கி நட்டுவிட்டு, வாடியதும் செடியைப் பழிக்கிறோம். ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் நடுங்கள். மழை ஒரு பருவம் முழுக்க வேரைக் கீழே இழுத்துச் செல்லும். தொட்டி என்றால் அடியில் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரை என்றால் சற்று மேடாக நட்டு, சுற்றிலும் நாலு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல். முதல் இரண்டு கோடைக்குப் பானைப் பாசனம் போதும். ஓட்டையில்லாத மண்பானையைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, மூடிவையுங்கள். மண் காயக் காயப் பானை கசியும். நனைந்த மண் இழுப்பதை நிறுத்திக்கொள்ளும். கொசு வராமலிருக்க மூடி இறுக்கமாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு வைத்த பானைகள் இப்படித்தான் கொல்லைக்குப் போகின்றன.

அடீனியம் போன தொட்டிகளில் இப்போது டிசம்பர் பூ இருக்கிறது. காயா இரண்டு வருடத்தில் முழங்கால் உயரம்தான் வந்திருக்கிறது. நேற்று மாலை சருகை ஒதுக்கி, அதன் அடியில் கைவைத்துப் பார்த்தேன். மழை பெய்து ஏழு வாரம். நான் தண்ணீர் ஊற்றி நான்கு நாள். விரலில் மண் ஒட்டியது. நுனிக் கிளையில் செம்பு நிறத்தில் இரண்டு தளிர்.