வரப்புல எண்டூரோ ஓட்டற சிங்கங்களுக்கு...

முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பதிவு யாரையும் புண்படுத்தறதுக்காக எழுதினது இல்ல. ஆனா ரெண்டு மூணு பேர் புண்பட்டா எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஹி ஹி.

போன வாரம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். பக்கத்து ஊர்தான், சென்னையில வேலை. கையில போன், போன்ல வீடியோ. அடை மழையில ஆத்தங்கரை மேல ஒரு வண்டி பட்டன் டயரோட சேத்தை வாரி இறைச்சுக்கிட்டுப் போகுது. பின்னணியில பாட்டு வேற. "அண்ணே, நம்ம டெல்டாவுக்கு எந்த எண்டூரோ வண்டி சரியா வரும்? நீங்கதான் ரொம்ப வருஷமா ஓட்டறீங்களே"ன்னு கேட்டார். கேள்வி நியாயமான கேள்விதான். வீடியோதான் வயித்தெரிச்சல். அந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

இந்த விஷயத்துல நம்ம பக்கம் ரெண்டு கோஷ்டி உண்டு. "தாம்பாளத் தட்டு மாதிரி இருக்கற ஊர்ல மலை ஏர்ற வண்டி எதுக்குடா, எல்லாம் ஷோ"ன்னு சொல்றது ஒரு கோஷ்டி. பெரும்பாலும் சித்தப்பா, மாமா வகையறா. பெரிய வண்டியை வாங்கி, அதை வரப்புலயும் வாய்க்கா கரையிலயும் ஏத்தி வீடியோ எடுக்கறது இன்னொரு கோஷ்டி. எனக்கு ரெண்டு கோஷ்டியோடயும் சண்டை இருக்கு. முதல் கோஷ்டியோட சண்டை சின்னது, அதை முதல்ல முடிச்சுடறேன்.

மாமா, மலை இல்லைன்னா கரடு கிடையாதுன்னு யார் சொன்னது? நீடாமங்கலத்துக்குப் பக்கத்துல மூணாறு தலைப்புல போய் நில்லுங்க. வெண்ணாறு அங்க பிரிஞ்சு கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறுன்னு மூணாப் போகுது. அதுக்குக் கீழ வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால், வடிகால்... மழைக்காலத்துல தார் ரோட்டை விட்டு நூறு அடி இறங்கினா வண்டல் களி. மலையில கல்லு டயரைக் கடிக்கும், அவ்வளவுதான். களிமண் விழுங்கிடும். இங்க மண்ணுல ஓட்டறதுக்குன்னு செஞ்ச வண்டிக்கு வேலை இருக்கு.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் கரை ஏறிச்சே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு மதியம் மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கற அத்தை ஊருக்குப் பால் பவுடர், மெழுகுவத்தி, மாத்திரை எடுத்துக்கிட்டு மூணு வண்டியில கிளம்பினோம். என்கிட்ட அப்ப ஹீரோ இம்பல்ஸ். 2011ல வந்த 150 சிசி வண்டி, 134 கிலோ. பிரேசில்ல ஹோண்டா வித்த ப்ரோஸோட பங்காளி. நண்பர் ஒருத்தர்கிட்ட 190 கிலோவுக்கு மேல இருக்கற பெரிய வண்டி. மூணாவது, மச்சானோட டிவிஎஸ் எக்ஸ்எல்.

ரோடு முழுக்கத் தென்னை மரம் விழுந்து கிடக்கு. முதல் மரத்துலயே பெரிய வண்டி நின்னுடுச்சு. நாலு பேர் தூக்கணும், நாலு பேருக்குக் கால் ஊன இடம் இல்ல. இம்பல்ஸை மூணு பேர் சேர்ந்து மூச்சு முட்டத் தூக்கிப் போட்டோம். அஞ்சாவது மரத்துல எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. எக்ஸ்எல்லை ரெண்டு பேர் ஆட்டுக்குட்டி மாதிரி தூக்கி அந்தப் பக்கம் வச்சாங்க. கடைசியில அத்தை ஊருக்குப் போய்ச் சேர்ந்த வண்டி எது? எக்ஸ்எல்தான். மாத்திரையும் அதுலதான் போச்சு. 90 கிலோகூட இல்லாத, கியரே இல்லாத, பேப்பர்ல நாலு குதிரைசக்தி சொச்சம் போட்டிருக்கற வண்டி!

அன்னிக்கு எனக்கு உறைச்சது இதுதான். டெல்டாவுக்கு வண்டி பார்க்கறவன் முதல்ல பார்க்க வேண்டியது சிசியும் இல்ல, குதிரைசக்தியும் இல்ல, எடை. "ஆஃப் ரோடு"ன்னு பேர் ஒட்டி விக்கற வண்டில பாதி, ரோடு கொஞ்சம் மோசமாயிட்டாலும் தொடர்ந்து போறதுக்கான வண்டி. லடாக் போக ஹிமாலயன் நல்ல வண்டி, நான் குறை சொல்லல. சேத்துல சாய்ஞ்சா தனி ஆளா நிமிர்த்த முடியுமான்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க. பழைய 411ல முன் சக்கரத்தை ஒட்டினாப்புல ஒரு மட்கார்டு உண்டு. அதுக்கும் டயருக்கும் நடுவுல நம்ம களி ஒரு தடவை அப்பிச்சுன்னா சக்கரம் சுத்தாது, உழவு மாடு மாதிரி இழுத்துக்கிட்டுப் போகும். குச்சி வச்சு நோண்டி எடுத்தவனுக்குத்தான் தெரியும். மண்ணுல ஓடற வண்டிக்கு முன் மட்கார்டை உசரத் தூக்கி வைக்கறது அழகுக்கு இல்லங்க.

அடுத்தது சீட் உசரம். நான் இப்ப ஓட்டறது எக்ஸ்பல்ஸ் 200. சீட் 825 மி.மீ. பக்கம், எனக்குக் கால் எட்டும். 2023ல அதுலயே ப்ரோன்னு ஒண்ணு வந்துச்சு, சீட் 891 மி.மீ., கிரவுண்ட் கிளியரன்ஸ் 270. பேப்பர்ல படிச்சா வாயூறுது. ஆனா கரையில பேலன்ஸ் போனா காலை எங்க ஊனுவீங்க? ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் தொளி. தொளியில கால் முழங்கால் வரை போகும். உசரமான வண்டிக்காரன் சாயறதுன்னா முழுசா சாயறதுதான். கவாஸாகி கேஎல்எக்ஸ் 230, 139 கிலோதான். 2024 டிசம்பர்ல 3.30 லட்சம்னு வந்தப்ப சிரிச்சேன், 2025ல ரெண்டு லட்சத்துக்குக் கீழ இறங்கினதும் சிரிப்பு நின்னுச்சு. ஆனா அதுவும் 880 மி.மீ. நான் ஐஞ்சடி ஆறங்குலம். விடுங்க.

பட்டன் டயர் புராணம் ஒண்ணு பாக்கி இருக்கு. களிமண்ணுல பத்தடி போனதும் பட்டன் இடுக்கெல்லாம் அப்பி, டயர் வழுவழுன்னு இட்லிக் குண்டான் மாதிரி ஆயிடும். சக்கரம் வேகமாச் சுத்தினாத்தான் அந்தக் களி தெறிச்சு விழும். வரப்புலயும் கரையிலயும் அந்த வேகம் போக முடியாது, போகவும் கூடாது. ஏன் கூடாதுங்கறதுதான் ரெண்டாவது கோஷ்டியோட என் சண்டை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கு. ஏன்னா அந்தத் தப்பை நானே பண்ணியிருக்கேன்.

2021 ஐப்பசி. வண்டி புதுசு. எங்களுக்கு இருக்கற மூணு மாவுக்குப் போக, ரோட்டுலேர்ந்து பக்கத்து வயல் பெரியவரோட வரப்பு வழியா நடக்கணும். அன்னிக்கு எனக்கு நடக்கத் தோணல. முதல் கியர்ல மெதுவாத்தான் போனேன், மெதுவாத்தான் வந்தேன். வரப்புல நாலு விரக்கடை ஆழத்துக்கு ஒரு தடம். 'சேறுதானே, காஞ்சா சரியாயிடும்'னு நினைச்சேன். ராத்திரி கொட்டித் தீர்த்துச்சு. தடத்துல தண்ணி நின்னு, அது நண்டு வளையைக் கண்டுபிடிச்சு, வளை வாயாகி, விடியறதுக்குள்ள ஒரு ஆள் படுக்கற அகலத்துக்கு வரப்பைக் காணோம். அவர் மேலுரம் போட்டு ரெண்டே நாள். உரம் மொத்தமும் வடிகாலுக்குப் போச்சு. வாய்க்கு நேரா இருந்த சம்பாப் பயிர் வேரோட படுத்துடுச்சு.

காலையில பெரியவர் வீட்டுக்கு வந்தார். நான் திட்டு வாங்கத் தயாரா நிக்கறேன். அவர் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "தம்பி, வண்டி நல்லா ஓடுதா?"ன்னு மட்டும் கேட்டார். அவ்வ்வ்... அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

ரெண்டு நாள் மம்முட்டி பிடிச்சேன். ஒரு சீசனுக்கு எத்தனை தடவை அண்டை வெட்டி, மண்ணை அணைச்சு, மிதிச்சு, பூசறாங்கன்னு அன்னிக்குத்தான் கை காய்ச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். உரத்துக்குக் காசு கொடுத்தேன். பயிருக்கு வாங்க மாட்டேன்னுட்டார்.

இது ஒரு வரப்பு. வீடியோ தம்பிகள் ஓட்டறது ஆத்தங்கரை. மழை காலத்துல ஆறு நிரம்பி ஓடறப்ப, கரை உடைஞ்சா சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும் போட்டு ஊரே திரண்டு அடைக்கற கரை. அதுல நீங்க பின் சக்கரத்தைச் சும்மா சுத்தவிட்டுக் குழி பறிக்கறது, அடுத்தவன் வீட்டுச் சுவத்துல கடப்பாரை போடற மாதிரி. எக்ஸ்எல்காரரும் அதே கரையில போறாரேன்னு கேப்பீங்க. போறார். நாத்துக்கட்டு வச்சுக்கிட்டு நடக்கற வேகத்துல போறார், சகதி ஜாஸ்தின்னா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறார். அவர் கரை, அவருக்குத் தெரியும்.

சரி, தை அறுப்பு முடிஞ்சா வயல் சும்மாதானே கிடக்குன்னு இன்னொருத்தர் கேட்டார். சும்மா கிடக்கா? அறுப்புக்கு முன்னாடியே உளுந்தும் பயறும் தெளிச்சிருப்பாங்கய்யா! தாளுக்கு நடுவுல முளைச்சிருக்கும், குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும். வண்டி மேல உக்காந்தவனுக்குத் தெரியாது.

எண்டூரோங்கற பேரையே நாம தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு நினைக்கறேன். இந்த விளையாட்டோட தாய்ப் போட்டி 1913ல இங்கிலாந்துல கார்லைல்ல ஆரம்பிச்ச ஆறு நாள் போட்டி. 1981லதான் அதுக்கு எண்டூரோன்னு பேர் வச்சாங்க. வேகம் மட்டும் போதாது, ஆறு நாளும் வண்டி தாங்கணும், ரிப்பேர்னா ஓட்டறவனே கையில ஸ்பேனர் பிடிக்கணும். தாங்கறதுதான் பேச்சு. 2015ல டக்கார் ராலியை முடிச்ச முதல் இந்தியர் சி.எஸ்.சந்தோஷ். 2024ல ஹரித் நோவா ஒட்டுமொத்தத்துல 11வது. இவங்க பேரைச் சொல்லி வண்டி வாங்கறவங்கள்ல எத்தனை பேர் ஏர் ஃபில்டரைத் தானே கழட்டியிருப்பாங்க?

நம்ம ஊர்ல அதைக் கழட்டித்தான் ஆகணும். அறுவடை நேரத்துல பதரும் வைக்கோல் தூசும் உள்ள போய் அடைச்சுக்கும், மைலேஜ் இறங்கினதுக்கு மெக்கானிக்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. முன் ஃபோர்க் கம்பியில ஒட்டின களியைக் காயறதுக்குள்ள ஈரத்துணியால தொடைச்சுடணும். காஞ்சா உப்புத்தாள் மாதிரி சீலை அறுத்துடும். வாட்டர் சர்வீஸ்ல பைப்பைச் சக்கர பேரிங்குக்கு நேராப் பிடிச்சா ஆறு மாசத்துல பேரிங் கத்தும். செயினைப் பத்தித் தனியா ஒரு பதிவு போடற அளவுக்குக் கண்ணீர் இருக்கு. ஒரு கிளட்ச் கேபிளுக்கு நான் 11 நாள் காத்திருந்தேன். அதுலேர்ந்து கேபிளும் டியூபும் வீட்டுல எப்பவும் ஸ்பேர் இருக்கும். சைலன்சரைக் கழட்டி மாத்தறவங்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவைப் படிங்க. 2019 திருத்தத்துக்கப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம்.

தம்பிக்கு இவ்வளவையும் சொன்னேன். பாவம், காபி ஆறிப்போச்சு. "அப்ப எதைத்தாண்ணே வாங்கறது?"ன்னார். எடை 160க்குள்ள, கால் தரையில எட்டணும், மன்னார்குடியிலயோ தஞ்சாவூர்லயோ ஸ்பேர் கிடைக்கணும், மிச்சக் காசுல ஹெல்மெட்டும் பூட்ஸும். நிஜமாவே வயலுக்குப் போகணும்னா உங்க அப்பாவோட எக்ஸ்எல் சாவியை வாங்குங்க.

கிளம்பறப்ப, "உங்க எக்ஸ்பல்ஸை ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்க்கட்டுமா?"ன்னு கேட்டார். சாவியைக் கொடுத்தேன். எதிர்த் திண்ணையில பெரியவர் உக்காந்திருந்தார். வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டதும் வெத்தலையை மடிக்கறதை நிறுத்திட்டு, தம்பி எந்தப் பக்கம் திருப்பறார்னு பார்த்துக்கிட்டே இருந்தார்.

ரோட்டுப் பக்கம்தான் திருப்பினார்.