பேரை மறைத்துவிட்டு ஊழலை கண்டுபிடிப்பது எப்படி?

சங்கரன்கோவில்:-

டெண்டர் யாருக்கு போச்சு, பில்லில் கையெழுத்து போட்ட அதிகாரி யார்? சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் டீக்கடை பெஞ்சில் அடிபடும் கேள்விகள் இவை. பேச்சு செய்தியாக மாற வேண்டுமானால் கையில் ஆவணம் வேண்டும். அதற்குத்தான் இப்போது சிக்கல்.

ஆட்டோ சங்கர் வழக்கு

6 கொலை வழக்கில் தூக்கு தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், செங்கல்பட்டு ஜெயிலில் இருந்தபோது சுயசரிதை எழுதினான். அதில் உயர் அதிகாரிகள் சிலருடன் இருந்த தொடர்பும் இருப்பதாக கூறப்பட்டது. அதை 'நக்கீரன்' வெளியிட இருந்தபோது, நிறுத்தும்படி 1994 ஜூனில் சிறைத்துறை ஐ.ஜி. கடிதம் அனுப்பினார். ஆசிரியர் கோபால் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார்.

அதே ஆண்டு அக்டோபர் 7-ந்தேதி தீர்ப்பு வந்தது. செய்தி வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. கோர்ட்டு ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிட யாருடைய சம்மதமும் தேவை இல்லை என்று நீதிபதிகள் கூறினர். பலம் படைத்தவர்களை பற்றி எழுதும் பத்திரிகைகளுக்கு இன்றும் இதுதான் கவசம்.

10 ரூபாய் ஆயுதம்

அடுத்து வந்தது 2005-ம் ஆண்டு தகவல் உரிமை சட்டம். 10 ரூபாய் கட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். சின்ன ஊர் நிருபருக்கும் ஆவணம் எட்டியது.

அந்த சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டத்தால் திருத்தப்பட்டது. 2025 நவம்பரில் திருத்தம் அமலுக்கு வந்தது. பொதுப்பணிக்கு சம்பந்தம் இல்லாத சொந்த விவரத்தை மட்டும் மறுக்கலாம் என்று முன்பு இருந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம். காண்டிராக்டர் பெயரும், அதிகாரி பெயரும்கூட தனிப்பட்ட தகவல்தானே என்று கைவிரிக்க வழி பிறந்திருக்கிறது. பெயர் இல்லாத ஊழல் செய்தியில் யார் மாட்டுவார்கள்?

கதவு முழுசா மூடவில்லை

பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. எனவே பயம் வேண்டாம் என்கிறது மத்திய அரசு. ஆனால் பொதுநலனை எடை போடுவது அதே அலுவலகம்தான். மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையம் என்று அலைய வேண்டும்.

ஆகவே மனு எழுதும்போதே 8(2) பிரிவை குறிப்பிட்டு, இதில் செலவானது மக்கள் வரிப்பணம் என்று காரணத்தையும் எழுதிவிடுவது நல்லது. 1994-ல் கிடைத்த கவசம் ஆவணம் கையில் இருப்பவருக்குத்தான் உதவும். ஆவணமே கிடைக்காவிட்டால் டீக்கடை பேச்சு டீக்கடையோடு முடிந்துவிடும்.